தொழிற்சாலைச் சுவரில் ஒரு வேத வசனம்



1894-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டொலீடோ என்ற நகரத்தில் புதிய தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. அக்காலத்துத் தொழிற்சாலைகளின் சுவர்களில் நீண்ட விதிப்பட்டியல்கள் தொங்குவது வழக்கம். தாமதமாக வந்தால் அபராதம், பேசிக்கொண்டிருந்தால் அபராதம், கருவியை உடைத்தால் கூலியில் பிடித்தம் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இந்தப் புதிய தொழிற்சாலையிலோ அப்படி ஒன்றும் இல்லை. ஒரு தகரப் பலகை மாத்திரம் சுவரில் ஆணி அடித்து மாட்டப்பட்டிருந்தது. அதில் எழுதப்பட்டிருந்தது மத்தேயு 7-ஆம் அதிகாரம் 12-ஆம் வசனம். பிறர் நம்மை எவ்விதமாய் நடத்த வேண்டுமென்று வாஞ்சிக்கிறோமோ, அவ்விதமாகவே நாமும் பிறரை நடத்த வேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் கற்பித்த அதே பிரமாணம்.

பலகையை மாட்டியவர் அத்தொழிற்சாலையின் முதலாளி சாமுவேல் ஜோன்ஸ். மூன்று வருடங்களுக்குப்பின் அவர் அந்த நகரத்தின் மேயரானார். ஆங்கிலத்தில் இந்த வசனத்தைப் 'பொன் விதி' என்று அழைப்பதுண்டு. ஆகவே ஜனங்கள் அவரைப் 'பொன்விதி ஜோன்ஸ்' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரைச் சிலர் அன்பினால் சொன்னார்கள். சிலர் பரியாசமாகச் சொன்னார்கள்.

வேத வசனத்தை வீட்டுச் சுவரில் மாட்டுவது நமக்குப் புதிதல்ல. வருட வாக்குத்தத்த அட்டை இல்லாத விசுவாசியின் வீடு ஏது? ஆனால் இந்த மனிதர் மாட்டிய வசனம் ஆசீர்வாதத்தை வாக்களிக்கும் வசனம் அல்ல. மாட்டியவரிடமே கணக்குக் கேட்கும் வசனம். அதை அவர் தம்முடைய கூலிப் புத்தகத்திலும், பிற்பாடு ஒரு பட்டணத்தின் நிர்வாகத்திலும் எப்படிப் பிரயோகித்துப் பார்த்தார் என்பதையும், அதனிமித்தம் யார் யார் அவருக்கு விரோதமாக எழும்பினார்கள் என்பதையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

15 சென்ட்டுடன் வந்த வாலிபன்

ஜோன்ஸ் பிறவியினால் அமெரிக்கர் அல்லர். 1846-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி, வேல்ஸ் தேசத்தின் வடபகுதியில் பெத்கெலர்ட் என்ற மலைக்கிராமத்தின் அருகே ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு 3 வயதாயிருக்கும்போது பெற்றோர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார்கள். நியூயார்க் மாநிலத்தின் வடபுறத்துக் கிராமம் ஒன்றில் குடியேறினார்கள். வீட்டில் பேசிய மொழி வேல்ஸ் மொழி, வெளியில் ஆங்கிலம். வீட்டுக்கு ஒரு பாஷை, வீதிக்கு ஒரு பாஷை என்று பிள்ளைகளை வளர்க்கும் உங்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் படித்த காலம் மொத்தமாக 30 மாதங்கள்தான். 10 வயதில் பண்ணை வேலைக்குப் போனார். 14 வயதில் மர அறுவை மில்லில் வேலை. 1865-ஆம் ஆண்டு பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் என்ற ஊரை நோக்கிப் புறப்பட்டார். ஆறு வருடங்களுக்கு முன்பு, 1859-இல், அங்கே நிலத்தைத் துளைத்து எண்ணெய் எடுத்திருந்தார்கள். அது முதல் நாலா திசைகளிலுமிருந்து வாலிபர்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது ஜோன்ஸின் சட்டைப்பையில் இருந்தது 15 சென்ட்.

அதன்பின் இருபது வருட காலம் எண்ணெய் வயல்களில் அவர் செய்யாத வேலை இல்லை என்றே சொல்லலாம். கூலியாளாக இருந்தார்; கிணறு தோண்டினார்; மெல்ல மெல்லச் சொந்தமாகக் கிணறுகளில் முதலீடு செய்தார். 1875-இல் திருமணம். பின்பு வரிசையாகத் துக்கங்கள் வந்தன. சிறு பெண் குழந்தை ஒன்று இறந்தது. 1885-இல் மனைவி அல்மாவும் மரித்துப்போனார். இரண்டு ஆண்பிள்ளைகளோடு தனித்து நின்ற ஜோன்ஸ், துக்கம் நிறைந்த அந்த இடத்தை விட்டுப் போவதே நல்லதென்று 1886-இல் ஒஹையோவின் லைமா என்ற ஊருக்குப் போனார். அங்கே அவர் தோண்டிய கிணறு பெருகிச் சுரந்தது. 1887-இல் சில கூட்டாளிகளோடு சேர்ந்து ஒஹையோ எண்ணெய்க் கம்பெனியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். (பிற்காலத்தில் மாரத்தான் ஆயில் என்று பெயர் மாறிய பெரிய நிறுவனம் இதுதான்.) இரண்டே வருடங்களில் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஜோன்ஸ் செல்வந்தரானார்.

1892-இல் டொலீடோ நகரைச் சேர்ந்த ஹெலன் பீச் என்பவரை மறுமணம் செய்துகொண்டு அந்நகரத்தில் குடியேறினார். எண்ணெய்க் கிணற்றின் மேலே அசையும் விசையையும், ஆழத்தில் இருக்கும் பம்பையும் இணைக்கின்ற நீளமான கம்பிகள் உண்டு. முன்பு அவற்றை மரத்தினால் செய்தார்கள்; ஆழமான கிணறுகளில் அவை தாங்குவதில்லை. எண்ணெய் வயலில் உழன்றவர் ஆனபடியால் அந்தக் குறை அவருக்குத் தெரிந்திருந்தது. இரும்பினால் மேம்பட்ட கம்பி ஒன்றைத் தாமே வடிவமைத்தார். அதைத் தயாரிப்பதற்காகத்தான் 1894-இல் அந்தத் தொழிற்சாலை எழும்பிற்று.

வாசலில் நின்றவர்கள்

1893-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொடிய பணமுடக்கம் உண்டாயிற்று. வங்கிகள் மூடப்பட்டன, ரயில் கம்பெனிகள் நொடித்துப்போயின, இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இந்த நிலையில் ஒருவர் புதிய தொழிற்சாலை தொடங்குகிறார் என்றால் வாசலில் எத்தனை பேர் வந்து நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஜோன்ஸ் அதுவரையில் சிறிய எண்ணெய் ஊர்களில் வாழ்ந்தவர். அங்கே முதலாளியும் கூலியாளும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்திருப்பார்கள். வலுவான கரங்களை உடைய மனிதர்கள், 'ஏதாவது வேலை கொடுங்கள், எந்தக் கூலியானாலும் சரி' என்று கெஞ்சுகிற காட்சியை அவர் கண்டது டொலீடோவில்தான். அது அவருடைய உள்ளத்தைத் தைத்தது.

வியாபாரப் புத்திக்கு இது நல்ல தருணம் அல்லவா? வேலை கேட்பவர்கள் பெருகும்போது கூலி இறங்கும். சந்தைக் கூலி நாளொன்றுக்கு 1 டாலர் முதல் 1.50 டாலர் வரை இருந்தது. ஜோன்ஸ் 2 டாலர் கொடுத்தார். அக்காலத்தில் 10 மணி நேரமும் 12 மணி நேரமும் வேலை வாங்கினார்கள். அவர் 8 மணி நேரம் போதும் என்றார். ஆறு மாதம் வேலை செய்தவர்களுக்குச் சம்பளத்தோடு ஒரு வார விடுமுறை. கிறிஸ்துமஸ் சமயத்தில் வருடச் சம்பளத்தில் 5 சதவீதம் போனஸ். வருகையைக் குறிக்க மேஸ்திரி கிடையாது. அவரவர் வேலை நேரத்தை அவரவரே குறித்துக் கொடுக்க வேண்டும். சிறுபிள்ளைகளை வேலைக்கு வைப்பதில்லை. கூலியைச் சற்றுக் கூட்டுவதைக் காட்டிலும் இது கடினமான காரியம் என்பது என் எண்ணம். கூலியை உயர்த்தப் பணம் போதும். தொழிலாளி எழுதிக் கொடுத்த நேரத்தை நம்புவதற்கு வேறொன்று வேண்டும்.

தொழிற்சாலைக்கு அடுத்திருந்த காலி நிலத்தைப் பூங்காவாக்கி, பிள்ளைகள் விளையாடவும், ஞாயிறு பிற்பகல்களில் கூட்டங்கள் நடக்கவும் விட்டார். மலிவான விலையில் மதிய உணவுக்கு ஒரு கூடம் கட்டினார். தாமும் அங்கே அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சம்பள உறையோடு தொழிலாளிகளுக்குக் கடிதங்கள் எழுதி வைப்பார். அன்பையும் உழைப்பையும் குறித்த அந்தக் கடிதங்கள் பின்னால் புத்தகமாகவும் வெளிவந்தன.

இப்படியெல்லாம் செய்தால் தொழில் தேறுமா என்று நீங்கள் கேட்கலாம். மற்ற முதலாளிகளும் அதையே கேட்டார்கள். தொழில் தேறியது. ஆனால் லாபம் வரும் என்பதற்காக அவர் இதைச் செய்யவில்லை. 'ஆண்டவருக்குக் கொடுத்தேன், அவர் இரட்டிப்பாய்க் கொடுத்தார்' என்று மேடையேறிச் சாட்சி சொல்லவும் இல்லை. அதற்கு மாறாக, இவ்வளவு செய்தும் என் பங்கு என் தொழிலாளியின் பங்கைவிட மிக அதிகமாய் இருக்கிறதே என்பதுதான் அவருடைய ஓயாத உறுத்தலாக இருந்தது. அந்த உறுத்தல் கடைசிவரை தீரவும் இல்லை. அவர் ஏழையாகிவிடவும் இல்லை. இந்த முரண்பாட்டை அவர் மறைக்கவில்லை.

எதிர்பாராத மேயர்

1897-ஆம் ஆண்டு டொலீடோ மேயர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்குள் பலத்த போட்டி. எந்தக் கோஷ்டியும் மற்றதை ஏற்றுக்கொள்ளவில்லை. யாருக்கும் விரோதி அல்லாத ஒரு மனிதரை நிறுத்தினால் என்ன என்ற யோசனை வந்தபோது, நல்ல பெயருள்ள தொழிலதிபர் ஜோன்ஸ் அவர்கள் கண்ணில் பட்டார். சமரச வேட்பாளராக நிறுத்தப்பட்ட அவர், ஐந்நூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஈரி ஏரிக்கரையில் அமைந்த, 1,30,000 ஜனங்கள் வாழ்ந்த நகரம் அது. ஜெர்மானியரும் போலந்துக்காரருமாக, பிழைப்பைத் தேடி வந்து குடியேறியவர்கள் அங்கே ஏராளம்.

நம் தேசத்து மும்பை, டெல்லி போன்ற மாநகராட்சிகளில் மேயர் பதவி பெரும்பாலும் கௌரவப் பதவி; நிர்வாகம் ஆணையரின் கையில் இருக்கிறது. டொலீடோவில் அப்படியல்ல. நகராட்சி மன்றத்தின் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்யவும், காவல் துறையை நடத்தவும் மேயருக்கு அதிகாரம் இருந்தது. தொழிற்சாலையில் செய்ததை ஜோன்ஸ் பட்டணத்திலும் செய்யத் தொடங்கினார். நகராட்சியின் தொழிலாளர்களுக்கும் 8 மணி நேர வேலை. சிபாரிசுக்குப் பதில் தகுதி பார்த்து வேலை நியமனம். இலவச மழலையர் பள்ளிகள், விளையாட்டு மைதானங்கள், பூங்காக்கள். காவலர்கள் சுழற்றிக்கொண்டிருந்த கனத்த குண்டாந்தடிகளை வாங்கி வைத்துவிட்டு, மெல்லிய கைத்தடிகளைக் கொடுத்தார். சந்தேகத்தின்பேரில் ஏழைகளைப் பிடித்து அடைக்கிற வழக்கத்தையும் தடுத்தார்.

மேயராகக் கிடைத்த சம்பளத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. தேடி வந்த எளியவர்களுக்கு அது போயிற்று. நெகேமியா யூதாவின் அதிபதியாயிருந்த காலத்தில் அதிபதிக்குரிய படியை வாங்காமல் இருந்ததை வாசகர்கள் நினைவுகூரலாம்.

நீதிமன்றத்தில் ஒரு சம்மட்டி

அக்காலத்துச் சட்டப்படி, போலீஸ் நீதிமன்றத்தின் நீதிபதி வராத நாளில் மேயர் அந்த ஆசனத்தில் உட்காரலாம். முந்தைய மேயர்கள் அதை ஒரு தொல்லையாக எண்ணியிருக்கக்கூடும். ஜோன்ஸோ மனமுவந்து போய் உட்கார்ந்தார். அவர் முன்பாக யார் வந்தார்கள்? குடித்து விழுந்து கிடந்தவர்கள், வேலையின்றி அலைந்தவர்கள், பிச்சை எடுத்தவர்கள், வீதியில் நின்ற பெண்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்களை விடுதலை செய்து அனுப்பினார். பணக்காரன் குடித்தால் வண்டியில் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள், ஏழை குடித்தால் காராகிருகத்துக்கு அனுப்புகிறீர்கள். இவர்களுடைய குற்றத்தின் பெயர் தரித்திரம் என்பது அவருடைய வாதம்.

ஒரு நாள் நாடோடி ஒருவனைக் கொண்டுவந்தார்கள். அவனிடத்தில் கைத்துப்பாக்கி அகப்பட்டது. ஜோன்ஸ் அந்தத் துப்பாக்கியைக் கையிலே எடுத்து, எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்டி, மனிதரைக் கொல்வதற்கன்றி வேறெதற்கும் உதவாத பிசாசின் கருவி இது என்ற பொருள்படப் பேசினார். பின்பு தீர்ப்பளித்தார்: ஒரு சம்மட்டியைக் கொண்டுவந்து கொடுங்கள், இவனே இதை அடித்து நொறுக்கட்டும். அப்படியே செய்யப்பட்டது. பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பதைக் குறித்து ஏசாயா தீர்க்கதரிசி சொன்னதை நாம் ஆயிரம் வருட அரசாட்சிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். டொலீடோ போலீஸ் நீதிமன்றத்தில் அது ஒரு வாரநாளில் நடந்தது.

இதையெல்லாம் மேலிடத்தில் இருந்தவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? மேயர் இப்படி நீதி ஆசனத்தில் உட்காரும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் எடுத்துப்போட்டது. அதோடு நில்லாமல், டொலீடோவின் காவல் துறையையே மேயரிடமிருந்து பறித்து, ஆளுநர் நியமிக்கும் குழுவின் கையில் கொடுக்கச் சட்டம் செய்தார்கள். ஜோன்ஸ் ஒப்படைக்க மறுத்தார். வழக்கு ஒஹையோ உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1902-இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. தனித்தனி நகரங்களுக்கென்று தனித்தனிச் சட்டம் செய்யக்கூடாது என்ற அடிப்படையில் அது அமைந்தபடியால், ஒஹையோவின் நகராட்சிச் சட்டம் முழுவதையுமே புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

சபைகள் எதிர்த்தன

இப்போது வேதனையான பகுதிக்கு வருகிறேன். ஜோன்ஸை மும்முரமாய் எதிர்த்தவர்களில் நகரத்தின் போதகர்களும் இருந்தார்கள்.

அவர்களுடைய குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. டொலீடோவில் நூற்றுக்கணக்கான மதுக்கடைகள் இருந்தன. ஓய்வுநாளில் அவற்றை மூட வேண்டுமென்று சட்டமும் இருந்தது. மேயர் அதைக் கண்டிப்புடன் அமல்படுத்தவில்லை. செல்வந்தர்கள் தங்கள் கிளப்புகளில் தாராளமாய்க் குடிக்கும்போது, ஏழைத் தொழிலாளி போய் உட்காரும் ஒரே இடத்தை மாத்திரம் ஏன் பூட்ட வேண்டும் என்று அவர் கேட்டார். இந்த விஷயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. சனிக்கிழமைக் கூலி ஞாயிற்றுக்கிழமைக் கடையில் கரைந்துபோன வீடுகளுக்குள் போய் ஜெபித்திருக்கிற எந்த ஊழியக்காரனும் உடன்படமாட்டான். பணக்காரனுடைய கிளப்பையும் பூட்டுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாமே! உபதேசத்திலும் அவர் நம்முடைய விசுவாச அறிக்கைக்குள் அடங்குகிறவர் அல்லர். டால்ஸ்டாயை வாசித்தார், அவருக்குக் கடிதமும் எழுதினார்; கவிஞர் விட்மனைக் கொண்டாடினார். மறுபிறப்பைக் குறித்துப் பேசுவதைவிட மனித சகோதரத்துவத்தைக் குறித்தே அதிகம் பேசினார்.

1899-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், ஜார்ஜியாவைச் சேர்ந்த பேர்பெற்ற சுவிசேஷகர் ஒருவர் டொலீடோவுக்கு வந்து கூட்டங்கள் நடத்தினார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய பெயரும் சாமுவேல் ஜோன்ஸ்தான். சுவிசேஷகர் ஜோன்ஸ், மேயர் ஜோன்ஸை மேடையில் நின்று கடுமையாகச் சாடினார். வேதாகமக் கல்லூரியில் நான் சபைச் சரித்திரம் படித்த நாட்களில் முதலாவது ஜோன்ஸைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மனனம் செய்தோம். இரண்டாவது ஜோன்ஸின் பெயரை அங்கே நான் கேள்விப்படவே இல்லை.

இன்னொரு சம்பவம். மேயரின் நண்பரும் வழக்கறிஞருமான பிராண்ட் விட்லாக் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு நாள் நகரத்துப் போதகர்கள் ஒரு குழுவாக மேயரிடம் வந்தார்கள். பட்டணத்திலுள்ள விலைமாதரையெல்லாம் துரத்திவிட வேண்டும் என்று கேட்டார்கள். 'எங்கே துரத்துவது? அடுத்த பட்டணத்துக்கா?' என்ற பொருளில் ஜோன்ஸ் திருப்பிக் கேட்டார். பின்பு ஒரு யோசனை சொன்னார். அந்தப் பெண்களில் மிகவும் மோசமானவர்கள் என்று நீங்கள் கருதும் இரண்டு பேரைத் தெரிந்தெடுத்துக் கொடுங்கள். அவர்களுக்கு வேறு பிழைப்பும் இருப்பிடமும் கிடைக்கும்வரை என் வீட்டில் வைத்துப் பராமரிக்கிறேன். நீங்கள் ஒவ்வொருவரும் ஒருத்தியை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். மீதிப் பேருக்கு நாம் சேர்ந்து வழி தேடுவோம் என்றார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

அவர்களை நான் பரியாசம் பண்ணமாட்டேன். போதகர் வீடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்: இரண்டு அறை, வளர்ந்த பிள்ளைகள், சபையாரின் பார்வை. ஆனாலும் லூக்கா 7-ஆம் அதிகாரத்தில் பரிசேயனுடைய வீட்டுக்குள் அழுதுகொண்டு வந்த ஸ்திரீயைப் பற்றிப் பிரசங்கிக்க எழும்பும்போதெல்லாம் அந்தக் குழுவினர் எழுந்து போன காட்சி எனக்கு முன்பாக வந்து நிற்கிறது.

எல்லோரும் கைவிட்டபோது

1899-இல் அவருடைய சொந்தக் கட்சியே மறுபடியும் அவரை நிறுத்த மறுத்துவிட்டது. அவர் சுயேச்சையாக நின்றார். கட்சிகள் ஒருபுறம், போதகர்கள் ஒருபுறம், செல்வந்தர்கள் ஒருபுறம். வாக்குகளை எண்ணியபோது ஏறக்குறைய 70 சதவீதம் அவருக்கு விழுந்திருந்தது. பதவியில் இருந்துகொண்டே அதே வருடம் ஒஹையோ மாநிலத்தின் ஆளுநர் தேர்தலிலும் சுயேச்சையாகவே போட்டியிட்டார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று மூன்றாவதாக வந்தார். இரண்டு பெரிய கட்சிகளையும் எதிர்த்துத் தனி மனிதனாக நின்றவருக்கு அது சாதாரணமல்ல; ஆனாலும் மாநிலம் டொலீடோ அல்ல என்பதும் அன்று விளங்கிற்று.

1901-இலும் 1903-இலும் மறுபடியும் மேயராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். 1903-ஆம் ஆண்டுத் தேர்தலில் நகரத்துப் பத்திரிகைகள் ஒரு புதிய தந்திரத்தைக் கையாண்டன. அவரை ஏசினால் அதுவும் விளம்பரமாகிவிடுகிறது என்று கண்டு, அவருடைய பெயரையே அச்சிடாமல் விட்டுவிட்டன. அப்படியும் அவரே ஜெயித்தார்.

அவருடைய கடைசிப் போராட்டம் டிராம் வண்டிகளைக் குறித்தது. நகரத்து வீதிகள் ஜனங்களுக்குச் சொந்தமானவை. அவற்றில் தண்டவாளம் போட்டு வண்டி ஓட்டும் உரிமையைத் தனியார் கம்பெனிக்கு நீண்ட வருடங்களுக்கு எழுதிக்கொடுப்பது அக்காலத்தின் வழக்கம். அந்த உரிமையை வாங்குவதற்காக நகராட்சி மன்றங்களில் பணம் புரண்டது. இது டொலீடோவில் மாத்திரம் அல்ல, அமெரிக்க நகரங்கள் அநேகத்தில் நடந்த காரியம். டிராம், மின்சாரம், எரிவாயு போன்றவை நகரத்துக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பது ஜோன்ஸின் கொள்கை. தாமே ஒரு முதலாளியாயிருந்தும் அவர் இதைச் சொன்னதுதான் மற்ற முதலாளிகளுக்கு அதிக எரிச்சலை மூட்டிற்று. உரிமையை நீட்டித்துக் கொடுக்க மன்றம் முயன்றபோது அவர் தமது தள்ளுபடி அதிகாரத்தினால் அதைத் தடுத்தார்.

அவர் நெடுங்காலமாக ஆஸ்துமா நோயினால் அவதிப்பட்டவர். 1904-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி, 57-ஆவது வயதில், மேயர் பதவியில் இருக்கும்போதே மரித்தார். (அதே வருடத்தின் பிற்பகுதியில்தான் அவர் பிறந்த வேல்ஸ் தேசத்தில் ஈவான் ராபர்ட்ஸ் என்ற வாலிபரின் மூலமாகப் பெரிய எழுப்புதல் பற்றியெரிந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் அழுது ஜெபித்த அந்தக் கூட்டங்களின் செய்தியைக் கேட்க ஜோன்ஸ் உயிரோடு இல்லை.)

சரீரத்தை ஜனங்கள் பார்வையிடும்படி வைத்தபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையாய் வந்தார்கள். நீதிபதிகளும் வியாபாரிகளும் வந்தார்கள்; தொழிற்சாலைக் கூலிகளும், அவர் விடுதலை செய்து அனுப்பிய குடிகாரரும், வீதியில் நின்ற பெண்களும் அதே வரிசையில் நின்றார்கள். விட்லாக் அடக்க ஆராதனையில் பேசினார்.

மேயர் இறந்துவிட்டார் என்ற செய்தி பரவியதும், டிராம் கம்பெனியின் பங்குகள் விலை ஏறின. அடுத்த வருடம், 1905-இல், ஜோன்ஸின் வழியைப் பின்பற்றிய சுயேச்சை வேட்பாளராக விட்லாக் மேயர் தேர்தலில் நின்றார். ஜனங்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். தொடர்ந்து நான்கு முறை, 1914-ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில், அவரே அந்த ஆசனத்தில் இருந்தார்.